கப்பலும் காய்ச்சலும் – 9: மூன்றாம் தளத்துக்காரர்கள்

சென்ற இதழில் மண்டபம் முகாம் வரை வந்திருந்தோம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களைக் கப்பலேற்றும் முன் அங்கே நாள்கணக்கில் நிறுத்திவைத்த கதையைப் பார்த்தோம். காலராவும் அம்மையும் கடல் தாண்டிவிடக் கூடாது என்று இலங்கை அரசு இந்தியக் கரையிலேயே அந்த முகாமை நடத்தியது. அதில் குறைகள் ஏராளம். ஆனாலும் வந்தவரை எங்கே தங்கவைப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, யார் சோறு போடுவது என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் இருந்தது. அந்தப் பதில்கூட இல்லாமல் போன ஒரு காலத்தைப் பற்றியது இந்த இதழ். நூறாண்டைத் தாண்டி 2020-க்கு வருகிறோம்.

குமரி மாவட்டத் தோவாளை என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பூச்சந்தைதான் நினைவுக்கு வரும். அது சரிதான். ஆனால் ஆரல்வாய்மொழி தொடங்கி நாகர்கோவில் வரை, அதையும் தாண்டிக் கடற்கரை ஊர்கள் வரை, கப்பல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளும் உண்டு. கேட்டரிங் படித்துவிட்டு, எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற கடலோடிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, சி.டி.சி. என்ற கடலோடிப் பணிப் புத்தகம் வாங்கி, மும்பையில் ஏஜென்ட் வாசலில் காத்துக் கிடந்து ஏறிப்போகிற பிள்ளைகள். "அவன் கப்பல்ல இருக்கான்" என்று வீட்டில் சொல்வார்கள். எந்தக் கப்பல், எந்தக் கடல் என்பதெல்லாம் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியாது. ஆறு மாதமோ ஒன்பது மாதமோ காண்ட்ராக்ட். சைன் ஆன் ஆனால் போகிறான், சைன் ஆஃப் ஆனால் வருகிறான். சொகுசுக் கப்பலின் வரலாறு என்றால் மேல்தளத்து நீச்சல்குளத்தையும் விருந்து மேசையையும் எழுதுவதுதான் வழக்கம். நான் கீழ்த்தளத்திலிருந்து எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் இருந்தது அங்கேதான்.

டயமண்ட் பிரின்சஸ் கப்பல் 2020 ஜனவரி 20 அன்று ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து புறப்பட்டது. ஹாங்காங், வியட்நாம், தைவான், ஒகினாவா என்று சுற்றித் திரும்பும் இரண்டு வாரப் பயணம். ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிப்போன 80 வயதுப் பயணி ஒருவருக்குக் கொரோனா என்று பிப்ரவரி 1 அன்று உறுதியானது. கப்பல் பிப்ரவரி 3 இரவு யோகோஹாமாவுக்குத் திரும்பியபோது ஒருவரையும் இறங்க விடவில்லை. கப்பலில் 3,711 பேர். அதில் 1,045 பேர் ஊழியர்கள். இந்தியர்கள் 138 பேர். 132 பேர் வேலை பார்க்கப் போனவர்கள், 6 பேர்தான் பயணிகள். இந்த ஒரு கணக்கே யார் எந்தத் தளத்தில் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

பிப்ரவரி 5 அன்று பயணிகளை அவரவர் அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். 14 நாள் தனிமைப்படுத்தல் என்று அறிவிப்பு வந்தது. அறைக்குள் இருப்பவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு போகவேண்டுமே, அதை யார் சமைப்பது? யார் தட்டை ஏந்திப் போய்க் கதவைத் தட்டுவது? அழுக்குத் துணியை யார் எடுப்பது? ஊழியர்களுக்குத் தனிமை கிடையாது. காலையில் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார்கள், வரிசையில் நின்று தட்டுகளை நிரப்பினார்கள், தளம் தளமாக ஏறி இறங்கினார்கள். இரவில் தங்கள் பொது உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கூட்டாளியோடு பங்கிட்டுக்கொள்ளும் சின்ன அறையில் போய்ப் படுத்தார்கள்.

ஜப்பானின் தேசியத் தொற்றுநோய் நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து பின்னால் இதை ஆராய்ந்தன. ஊழியர்களில் முதலில் தொற்று உறுதியான 20 பேரில் 15 பேர் உணவுப் பிரிவுக்காரர்கள். 16 பேரின் அறை மூன்றாம் தளத்தில் இருந்தது. உணவுப் பிரிவு ஊழியர்கள் குடியிருந்த தளம் அது. மேலே கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்களுக்குத் தட்டை நீட்டிய கைகள் கீழே ஒருவரோடொருவர் ஒட்டி வாழ்ந்தன. நோய் அந்த வழியைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை.

கோபே பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய் மருத்துவர் கென்டாரோ இவாட்டா பிப்ரவரி 18 அன்று கப்பலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து காணொளி ஒன்றை வெளியிட்டார். நோயுள்ள பகுதி எது, இல்லாத பகுதி எது என்ற எல்லைக்கோடே உள்ளே இல்லை என்றார். அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எண்கள் அவர் பக்கம் இருந்தன. முடிவில் 712 பேருக்குத் தொற்று, பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழப்பு. ஸ்வீடனின் ஊமியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பிப்ரவரி 3 அன்றே எல்லோரையும் இறக்கிக் கரையில் தனித்தனியே வைத்திருந்தால், தொற்று வாங்கிய நிலையில் இறங்கியிருப்பவர்கள் 76 பேர்தான் என்பது அதன் முடிவு. அது மாதிரிக் கணக்குத்தான், நடந்ததல்ல. இருந்தாலும் 76-க்கும் 712-க்கும் நடுவில் உள்ள மனிதர்களை நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்திய ஊழியர்கள் செல்போனில் காணொளி எடுத்து, எங்களை வேறாகப் பிரித்து வையுங்கள், ஊருக்கு அழைத்துக்கொள்ளுங்கள் என்று பிரதமரிடம் மன்றாடினார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தோடு முகம் காட்டிப் பேசினார்கள். பிப்ரவரி 27 அன்று ஏர் இந்தியா விமானம் 119 இந்தியர்களையும் 5 வெளிநாட்டவரையும் டெல்லிக்குக் கொண்டுவந்தது. மானேசர் ராணுவ முகாமில் அவர்களைத் தங்கவைத்தார்கள். தொற்று உறுதியான 16 இந்தியர்கள் ஜப்பானிய மருத்துவமனைகளில் இருந்தார்கள். கப்பலின் தலைவர் ஜெனாரோ ஆர்மா மார்ச் 1 அன்று கடைசி ஆளாக இறங்கினார். கடலோடிகளின் பழைய மரபை அவர் காப்பாற்றினார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இந்த இடத்தில் காலவரிசையை மீறி 1896-க்குப் போகவேண்டியிருக்கிறது. துறைமுகம் ஒரு கப்பலைத் தடுக்கும்போது அது காய்ச்சலுக்குப் பயந்தா, ஆளுக்குப் பயந்தா என்ற கேள்வியை நம் நாட்டு வரலாற்றில் மிகக் கூர்மையாக எழுப்பிய சம்பவம் அது.

அந்த ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் தலைகாட்டியது. அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த 27 வயது வழக்கறிஞர் காந்தி, அங்குள்ள இந்தியர்களின் துயரத்தைச் சொல்லி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அந்தத் துயரத்தில் பெரும்பங்கு தமிழர்களுடையது. எசமானிடம் அடிவாங்கி, பல் உடைந்து, கிழிந்த துணியோடு டர்பனில் அவர் முன் வந்து நின்ற பாலசுந்தரம் சென்னை மாகாணத்திலிருந்து போன ஒப்பந்தக் கூலி. அக்டோபர் 26 அன்று சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பெரிய கூட்டம் நடந்தது. அந்தத் துயரத்தை விவரித்துக் காந்தி எழுதி, கையோடு கொண்டுவந்திருந்த பச்சை அட்டைப் புத்தகம் அங்கே தீர்ந்துபோய், 10,000 பிரதிகள் மறுபடி அச்சாயின. அந்த நகரத்தில் அவருக்கு அதிகம் உதவியவர் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' ஆசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை. அவர் திருவிதாங்கூர்க்காரர். தோவாளையும் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது என்பதால், அவரை நம் ராச்சியத்துக்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 30 அன்று காந்தி மனைவி மக்களோடு பம்பாயில் 'கூர்லாண்ட்' கப்பலில் ஏறினார். 'நாதேரி' என்ற இன்னொரு கப்பலும் அதே சமயத்தில் கிளம்பியது. இரண்டிலும் சேர்த்துச் சுமார் 800 பேர். டிசம்பர் 18 அன்று இரண்டும் டர்பன் துறைக்கு வெளியே வந்து தனிமைப்படுத்தலின் அடையாளமான மஞ்சள் கொடி ஏற்றி நின்றன. மருத்துவர் வந்தார், பார்த்தார். இரண்டு கப்பலிலும் பிளேக் இல்லை. ஆனாலும் பம்பாயில் நோய் இருந்ததால், பிளேக் கிருமி வெளிப்பட அதிகபட்சம் 23 நாள் ஆகும், பம்பாயை விட்ட நாளிலிருந்து 23 நாள் முடியட்டும் என்றார். அதாவது இன்னும் ஐந்து நாள். இதுவரை மருத்துவம்.

ஐந்து நாள் முடிந்தபிறகும் இறங்க விடவில்லை. துணிகளை எரிக்கவேண்டும், புகை போடவேண்டும், மறுபடி நாள் எண்ணவேண்டும் என்று தவணை நீண்டது. கரையில் வெள்ளையர்கள் கூட்டம் கூட்டி இந்தியர்களைத் திருப்பி அனுப்பு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கப்பல்களின் பொறுப்பிலிருந்த தாதா அப்துல்லா நிறுவனத்துக்கு, திரும்பிப் போனால் செலவைத் தருகிறோம் என்ற ஆசைவார்த்தையும் வந்தது, மிரட்டலும் வந்தது. நிறுவனம் அசையவில்லை. 26 நாள் கடலில் நின்றபிறகு, 1897 ஜனவரி 13 அன்றுதான் துறைக்குள் விட்டார்கள். அன்று மாலை தெருவில் காந்தியை அடித்துத் துவைத்ததும், காவல் கண்காணிப்பாளர் அலெக்சாண்டரின் மனைவி குடையை விரித்து நடுவில் வந்து நின்றதும் பள்ளிக்கூடப் பாடத்திலேயே உண்டு. அன்றிரவு கூட்டத்தின் கண்ணில் படாமல் தப்ப, இந்தியக் காவலர் உடையைப் போட்டுக்கொண்டு, தலையில் ஒரு தட்டை வைத்து அதன்மேல் சென்னைத் துண்டைச் சுற்றித் தலைக்கவசம் போலாக்கிக்கொண்டு அவர் வெளியேறினார் என்பது பாடத்தில் அதிகம் வராத செய்தி.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அடிதடி அல்ல, அதற்குப் பின்னால் வந்த சட்டம். அதே 1897-இல் டர்பன் அடங்கிய நேட்டால் காலனியின் சட்டசபை குடியேற்றத் தடைச் சட்டத்தோடு தனிமைப்படுத்தல் சட்டத்தையும் திருத்தியது. நோய் உள்ள ஊரிலிருந்து வரும் கப்பலின் ஆட்களை இறங்கவே விடாமல் தடுக்க அரசுக்கு அதிகாரம் வந்தது. அதுவரை தனிமைப்படுத்தல் என்றால் காத்திரு, பிறகு வா என்று பொருள். இனிமேல் வராதே என்றும் சொல்லலாம். காய்ச்சலுக்கு என்று கட்டிய கதவில் ஆளைப் பார்த்துப் பூட்டுப் போட்டார்கள்.

இனி 2020. வெஸ்டர்டாம் கப்பல் பிப்ரவரி 1 அன்று ஹாங்காங்கை விட்டது. 1,455 பயணிகள், 802 ஊழியர்கள். தைவான் வேண்டாம் என்றது, ஜப்பான் வேண்டாம் என்றது, பிலிப்பைன்ஸ், அமெரிக்காவின் குவாம் தீவு, தாய்லாந்து எல்லாமே கதவை மூடின. கப்பலில் ஒருவருக்குக்கூடக் கொரோனா உறுதியாகவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் அலைந்தபிறகு பிப்ரவரி 13 அன்று கம்போடியா சிஹானுக்வில் துறையில் இடம் கொடுத்தது. பிரதமர் ஹுன் சென் மறுநாள் நேரில் வந்து, இறங்கியவர்களுக்குப் பூக்கொடுத்துக் கைகுலுக்கினார். பின்னால் ஒரு பயணிக்குத் தொற்று என்று பரபரப்பு எழுந்தது. அவருக்கு அது இருக்கவில்லை என்று அமெரிக்க மையம் பிறகு சொல்லிவிட்டது.

ரூபி பிரின்சஸ் கதை நேர் எதிர். மார்ச் 19 அன்று சிட்னியில் சுமார் 2,700 பயணிகளை எந்தத் தடையும் இன்றி இறக்கிவிட்டார்கள். கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள், எடுத்த மாதிரிகளின் முடிவு வந்திருக்கவில்லை. இறங்கியவர்கள் விமானமேறி, ரயிலேறி நாடெங்கும் போனார்கள். அந்தக் கப்பலோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்கள் ஆஸ்திரேலியாவில் மட்டும் 28. மாநிலச் சுகாதாரத்துறை கடுமையான தவறுகளைச் செய்தது என்று விசாரணை ஆணையம் ஆகஸ்டில் எழுதியது. நோயில்லாத கப்பலுக்கு ஐந்து கதவு மூடின, நோயுள்ள கப்பலுக்கு ஒரு கதவு அகலத் திறந்தது. கப்பலுக்குள் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்ற எண்ணைப் பார்த்து முடிவெடுத்ததாக அதிகாரிகள் சொல்வார்கள். அந்த எண்ணை யாரும் சரியாக எண்ணவில்லை என்பதே இந்த இரண்டு கப்பலும் காட்டும் உண்மை.

சாண்டாம் கப்பலின் கதை இன்னும் வேதனை. மார்ச் 7 அன்று புவனஸ் அயர்ஸில் புறப்பட்டது. தென்னமெரிக்கத் துறைகள் மூடின. பனாமா முதலில் கால்வாயில் விட மறுத்தது. நடுக்கடலில் இன்னொரு கப்பல் வந்து நலமாக இருந்த பயணிகளை மாற்றி ஏற்றிக்கொண்டது. நான்கு பயணிகளின் உயிர் போனபிறகு ஏப்ரல் 2 அன்று ஃப்ளோரிடாவில் இடம் கிடைத்தது. பயணிகள் இறங்கினார்கள். ஊழியர்களை இறங்க விடவில்லை.

உலகம் முழுக்க இதுதான் நடந்தது. பயணிகளின் நாடுகள் விமானம் அனுப்பின. ஊழியர்களின் நாடுகள் எல்லையை மூடியிருந்தன. ஏப்ரல் முதல் பாதியில் அமெரிக்கக் கரையோரம் மட்டும் சுமார் 100 சொகுசுக் கப்பல்களில் ஏறத்தாழ 80,000 ஊழியர்கள் நின்றுகொண்டிருந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொன்னது. பரிமாற ஆளில்லாத கப்பலில் பரிமாறுபவர்கள்.

நம் கரைக்கு வருவோம். மார்ச் 7 அன்று எம்.எஸ்.சி. லிரிகா என்ற சொகுசுக் கப்பலுக்கு மங்களூர்த் துறைமுகம் அனுமதி மறுத்தது. மார்ச் 22 முதல் பன்னாட்டு விமானங்கள் நின்றன. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது, நள்ளிரவில் நாடு முழுவதும் பூட்டியது.

தோவாளைச் சந்தையும் பூட்டியது. பூ என்பது நாளைக்கு வைத்து விற்கிற பொருள் இல்லை. பிச்சி மொட்டாக இருக்கும்போதே இருட்டோடு பறித்தாகவேண்டும். வெயில் ஏறினால் எடை குறையும், மாலைக்குள் விரிந்துவிடும். செண்பகராமன்புதூரிலும் மாதவலாயத்திலும் பறிக்க ஆள் வைக்காமல் செடியிலேயே விட்டார்கள். களியக்காவிளை எல்லை அடைத்ததால் திருவனந்தபுரத்துக்குப் பூ போகும் வழியும் நின்றது. கோயிலும் கல்யாணமும் இல்லாத ஊரில் பூவை யார் வாங்குவார்? ஆரல்வாய்மொழி சோதனைச்சாவடியில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறவர்களை நிறுத்திச் சளி மாதிரி எடுத்தார்கள். அந்தக் கணவாய் பழைய திருவிதாங்கூரின் கிழக்கு வாசல். வருகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்பது அதற்குப் புதிதில்லை.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் ஒரு அம்மாவின் மகன் கப்பலில் இருந்தான். சமையல் பிரிவு. காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது, பயணிகள் எல்லோரும் போய்விட்டார்கள், கப்பல் ஏதோ ஒரு கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கிறது என்று வாட்சாப்பில் சொல்லியிருந்தான். சம்பளம் பாதியானது, பிறகு நின்றது. அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மக்களே, கரை கண்ணுக்குத் தெரியுதுன்னு சொல்லுதான். தெரியுத கரையில எறங்க விடாதது என்ன நியாயம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்தத் தொடருக்கே விதை.

அந்தக் கேள்வி மும்பைக் கடலிலும் நின்றது. மரெல்லா டிஸ்கவரி என்ற பிரிட்டிஷ் சொகுசுக் கப்பல் 145 இந்திய ஊழியர்களோடு ஏப்ரல் நடுவில் மும்பைக்கு எதிரே வந்து நின்றது. சொந்த நாட்டின் கரை, சொந்த நாட்டின் குடிமக்கள், இறங்குவதற்கு விதி இல்லை. கடலோடிகள் எப்படிச் சைன் ஆஃப் ஆகலாம் என்பதற்கு உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 21 அன்று நடைமுறை வகுத்தது. ஏப்ரல் 23 அன்று அவர்கள் இறங்கினார்கள். அந்த நடைமுறை என்ன பெரிய வித்தையா? பரிசோதனை, முடிவு வரும்வரை தனி இடம், வண்டிக்கு அனுமதிச் சீட்டு, சொந்த ஊரில் வீட்டுத் தனிமை. ஒரு தாளில் எழுதி முடிக்கக்கூடிய காரியம். அது ஒரு மாதம் முன்பே வந்திருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இலங்கை இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. எம்.எஸ்.சி. மக்னிஃபிகா கப்பல் ஏப்ரல் முதல் வாரத்தில் எரிபொருளுக்காகக் கொழும்புப் பக்கம் வந்தது. அதிலிருந்த இலங்கைச் சமையல்காரர் ஒருவர், இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டேன், என்னை இறக்கிக்கொள்ளுங்கள் என்று காணொளியில் வேண்டினார். கடற்படை போய் அவரை இறக்கிக்கொண்டது.

இந்தக் குழப்பத்துக்குச் சட்டம் இல்லாதது காரணம் என்று சொல்ல முடியாது. 2005-இல் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஏற்று, 2007 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ள பன்னாட்டுச் சுகாதார விதிகள் இருக்கின்றன. அதன் 28-ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரக் காரணம் காட்டி ஒரு கப்பலைத் துறைக்கு வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தத் துறையில் வசதி இல்லாவிட்டால், வசதியுள்ள அடுத்த துறைக்குப் போகச் சொல்லலாம். தண்ணீர், உணவு, எரிபொருள் கொடுத்தாகவேண்டும். இந்தியாவுக்கென்று 1955-இன் துறைமுகச் சுகாதார விதிகள் உண்டு. கப்பல் தலைவர் நோயாளிகளின் விவரத்தை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும், துறைமுகச் சுகாதார அலுவலர் பார்த்து அனுமதி கொடுக்கவேண்டும், நோயாளி இருந்தால் இறக்கித் தனியே வைக்கவேண்டும். ஆனால் அதே பன்னாட்டு விதிகளின் 43-ஆம் பிரிவு, நாடுகள் கூடுதல் கட்டுப்பாடு போட்டுக்கொள்ள இடம் கொடுக்கிறது. அந்தச் சந்தில் நுழைந்துதான் 2020-இல் எல்லோரும் 28-ஐக் கடந்துபோனார்கள். அடுத்த துறை எது என்று பெயர் சொல்லாமல் போ என்று சொல்வதை நான் சுகாதார நடவடிக்கையாக ஏற்கமாட்டேன். நோயை அடுத்த வீட்டுக் கொல்லையில் தள்ளிவிடுவது அது.

இரண்டு ஆண்டு கழித்து, தடுப்பூசி எல்லாம் வந்தபிறகும் அது நடந்தது. 2022 புத்தாண்டுச் சமயத்தில் கோர்டீலியா என்ற சொகுசுக் கப்பல் சுமார் 2,000 பேரோடு மும்பையிலிருந்து கோவா வந்தது. ஊழியர் ஒருவருக்குத் தொற்று தெரியவந்து எல்லோரையும் பரிசோதித்தார்கள். ஜனவரி 3 அன்று 66 பேருக்குத் தொற்று என்று கோவா அறிவித்தது. மற்றவர்களை இறங்க விடவில்லை. தொற்றுள்ளவர்களில் பலர் கோவாவில் சிகிச்சைக்கு இறங்க மறுத்தார்கள். கப்பல் மும்பைக்கே திரும்பியது. அங்கே மறுபடி சோதித்தபோது இன்னும் 143 பேர். மொத்தம் 209. இறங்க மறுத்த பயணிகள்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. விடுமுறைக் கோபத்தில் அவர்கள் எடுத்த முடிவின் விலையை இன்னொரு நாள் முழுதும் அவர்களுக்குத் தட்டேந்திய ஊழியர்களும் சேர்ந்து கொடுத்தார்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்ய முடியாதா? முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. அது சொகுசுக் கப்பல் அல்ல, போர்க்கப்பல்.

2020 பிப்ரவரியில் ஈரானில் நோய் பரவியபோது குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களின் நூற்றுக்கணக்கான மீனவர்கள் அங்கே இருந்தார்கள். அந்நாட்டு முதலாளிகளின் படகில் பிடித்த மீனில் பங்குக்கு வேலை பார்க்கப் போனவர்கள். விமானம் நின்றது, வேலை நின்றது, சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. ஊரில் குடும்பங்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் பங்குத்தந்தையரிடமும் நடையாய் நடந்தன. இந்தியக் கடற்படை 'சமுத்திர சேது' என்ற பெயரில் அயல்நாட்டில் சிக்கியவர்களைக் கடல்வழி கொண்டுவரத் தொடங்கியது. முன்பு அமெரிக்கக் கடற்படையில் ட்ரென்டன் என்ற பெயரில் இருந்து 2007-இல் இந்தியாவுக்கு வந்த ஜலாஷ்வா, பந்தர் அப்பாஸ் துறையிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வந்தது. பெரும்பாலோர் மீனவர்கள்.

ஏற்றும்போதே உடல்நிலை பார்த்தார்கள். காய்ச்சல் கண்டால் பிரித்துவைக்கக் கப்பலில் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தார்கள். தூத்துக்குடியில் மருத்துவக் குழுவும், மாவட்டம் மாவட்டமாகப் பேருந்துகளும் காத்திருந்தன. எங்கே தங்கவைப்பது, எத்தனை நாள், யார் சோறு போடுவது என்ற மண்டபம் முகாமின் மூன்று கேள்விக்கும் கப்பல் வருமுன்பே பதில் இருந்தது. ஜூன் தொடக்கத்திலேயே கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஆட்களை இறக்கிப் பழகிய துறைமுகம் அது. மொத்தத்தில் சமுத்திர சேது 3,992 பேரை வீடு சேர்த்தது. தூத்துக்குடியிலிருந்து நாகர்கோவில் வரும் சாலை காவல்கிணறு தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து, தோவாளைச் சந்தையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

ஆனால் ஜலாஷ்வாவில் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. இடைவெளி விட்டு ஏற்றவேண்டியிருந்ததால், பந்தர் அப்பாஸ் வரை வந்து சேர்ந்த மீனவர்களில் ஒரு பகுதியினரை அந்தக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பல் புறப்பட்டது. அவர்களுடைய பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குமரிக் கடற்கரை ஊர்கள் அதற்குப் பிறகும் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தன.

அடுத்த இதழில் 1879 மே மாதம். கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு, வழியில் காலராவும் அம்மையும் கண்டு, ஃபிஜித் தீவின் லெவுக்கா துறைக்கு எதிரே வந்து நின்ற 'லியோனிதாஸ்' கப்பல்.

(தொடரும்)